ஒன்பது வருடம் ஓட்டிய பழைய ரோபோக்கள்: லிமிட் சுவிட்சும் பேலன்சரும்

என் பொறுப்பில் ஆறு ஆக்சிஸ், அதாவது ஆறு திரும்பும் மூட்டு கொண்ட இரண்டு பழைய ரோபோக்கள் ஓடுகின்றன. இரண்டும் 1990களில் செய்தவை, நூறு கிலோவுக்கு மேல் தூக்குபவை, கைமாறி வந்தவை. கையின் எடையில் ஒரு பங்கைத் தாங்கி மோட்டாருக்கு உதவுவது பேலன்சர். ஒன்றில் இரண்டாவது ஆக்சிஸுக்கு ஸ்பிரிங் பேலன்சர். மற்றதில் நைட்ரஜனும் எண்ணெயும் அடைத்த சிலிண்டர். பழைய ரோபோ வாங்குகிறவர்கள் கண்ட்ரோலரைப் பார்க்கிறார்கள், கியரில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். லிமிட் சுவிட்சையும் பேலன்சரையும் குனிந்து பார்ப்பவர் குறைவு. இந்த ஒன்பது வருடத்தில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவை இவை இரண்டும்தான்.

முதலில் சுவிட்ச். ஆக்சிஸ் எல்லை தாண்டாமல் இருக்க மூன்று வேலிகள் உண்டு. உள்வேலி, கண்ட்ரோலரின் மென்பொருளில் போட்ட எல்லையான சாஃப்ட் லிமிட். அதற்கு வெளியே, லீவர் தட்டுப்பட்டால் மோட்டார் பவரை விலக்கும் லிமிட் சுவிட்ச். கடைசியில் இரும்போடு இரும்பு மோதும் ஹார்ட் ஸ்டாப். புரோகிராம் ஒழுங்காக ஓடும் நாளில் முதல் வேலியே போதும், மற்ற இரண்டும் இருப்பதே தெரியாது. ஒரு நீண்ட விடுமுறைக்குப் பிறகு மெயினைப் போட்டபோது, கோணத்தை அளக்கும் என்கோடரின் பேட்டரி செத்திருந்தது. தான் எந்தக் கோணத்தில் நிற்கிறோம் என்பதே ரோபோவுக்குத் தெரியவில்லை. சாஃப்ட் லிமிட் என்பது என்கோடர் தரும் எண்ணை நம்பிப் போட்ட வேலி. எண் போனால் வேலியும் போயிற்று. முதல் ஆக்சிஸை மெதுவாக ஜாக் செய்து, அதாவது பட்டனை அழுத்தி நானே ஓட்டி, குறிக்கோட்டுக்குக் கொண்டுவரும்போது, திசையைத் தவறாகக் கணித்து எதிர்ப்பக்கம் ஓட்டிவிட்டேன். பேஸுக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம். சர்வோ பவர் விலகி பிரேக் பிடித்தது. ஒரு ரோலரும் ஒரு லீவரும் அன்று ஹார்ட் ஸ்டாப்பைக் காப்பாற்றின. மறுநாளே பேஸின் இரு ஓரத்திலும் கூட்டல், கழித்தல் குறியோடு பெயின்ட்டில் அம்பு வரைந்தேன். எல்லையில் மாட்டி, சுவிட்சைத் தற்காலிகமாகத் தாண்டும் பைபாஸில் வெளியே கொண்டுவரும் பதற்றத்தில் எந்தப் பக்கம் ஓட்டுவது என்று அந்த அம்பு சொல்லும்.

இரண்டாவது ரோபோ வந்த வாரம், பவரை அணைத்துப் பூட்டிவிட்டு, மல்டிமீட்டரை டெர்மினலில் வைத்து லீவரைக் கையால் அழுத்தினேன். சர்க்யூட் திறக்கவே இல்லை. ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தால் இரண்டு டெர்மினலுக்கு நடுவே விரல் நீளத்துக்கு ஒரு நீல வயர். சில மாடல்களில் சுவிட்ச் விருப்பப் பாகம். அது இல்லாத ரோபோவுக்கு, டெர்மினல்களை நேராக இணைக்கும் இதுபோன்ற ஜம்பர் வயர் போட்டே அனுப்புவார்கள், அதில் தவறில்லை. இங்கே சுவிட்ச் இருந்தது, அதன் ரோலரைத் தள்ளும் மேடான கேம் இருந்தது, ரோலர் சுழன்றது, இவை எதுவும் எமர்ஜென்சி ஸ்டாப் சங்கிலியில் இல்லை. முன்பு வைத்திருந்தவர் அடிக்கடி வந்த அலாரத்துக்கு அப்படி முடிவு கட்டியிருக்கிறார். அந்த அலாரத்தின் காரணத்தைத் தேட எனக்கு அரை மணி நேரம்தான் ஆனது. கேபிள் மடங்கும் இடத்தில் ஒரு கம்பி உள்ளே அறுந்து, கை திரும்பும்போது மட்டும் விட்டுவிட்டுத் தொட்டது. பாதுகாப்புக் கம்பிவேலியின் அந்தப் பக்கம் ஆள் நிற்கும் இடத்தில் இப்படி வயர் போடுவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கேமை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கொஞ்சம் கூடுதல் வீச்சு கிடைக்கும் என்று கேமை ஹார்ட் ஸ்டாப்பை ஒட்டித் தள்ளுவார்கள். ஆக்சிஸ் விநாடிக்கு 100 டிகிரியில் வந்து, 0.4 விநாடியில் சீராக வேகம் குறைந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் தட்டிய பிறகும் அது 20 டிகிரி ஓடும். கேம் 10 டிகிரி முன்னால் இருந்தால் மோதல் நிச்சயம். மோதிய ஸ்டாப் பின் வளைந்தால் நிமிர்த்திப் போடாதீர்கள், புதிதுதான் போட வேண்டும். ரோபோ பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 10218 தரம் ஸ்டாப்பிடம் கேட்பது, முழு எடையும் முழு வேகமுமாக வரும் கையை நிறுத்தும் வலு. ஒருமுறை வளைந்த இரும்பிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

இனி பேலன்சர். கையின் எடை 100 கிலோ, ஈர்ப்பு மையம் அச்சிலிருந்து 0.8 மீட்டர் என்றால், கை படுக்கையாக நீட்டி நிற்கும்போது அச்சில் விழும் முறுக்கு ஏறத்தாழ 785 நியூட்டன் மீட்டர். நேர் நிமிர்ந்து நிற்கும்போது அது பூஜ்யம். பேலன்சரைப் பொருத்தியிருக்கும் விதமும் இதற்கு ஏற்றபடிதான். கை நிமிர்ந்திருக்கும்போது அதன் விசைக்கோடு அச்சின் மையம் வழியாகவே போகும். கை சாயச் சாய விலகி, எதிர்முறுக்கு கூடும். மோட்டாருக்கு மிச்சம் மட்டும்தான். வரைபடம் போட்டு இதைப் புரிந்துகொண்ட நாளில் அந்த டிசைனர்மேல் பெரிய மரியாதை வந்தது.

பேலன்சர் தளர்வதை ரோபோ வாய்விட்டுச் சொல்லாது. மோட்டார் கூடுதலாக உழைத்து மறைத்துவிடும். அதனால் மாதம் ஒருமுறை, அதே டூல், அதே நிலை, அதே சூடு வரும் வரை ஓட்டிவிட்டு, கையை அசையாமல் பிடிக்க இரண்டாவது ஆக்சிஸ் மோட்டார் எடுக்கும் கரென்ட்டைக் குறித்துக்கொள்கிறேன். ஸ்பிரிங் ரோபோவில் ஒன்பது வருடமாக அந்த எண் அசையவில்லை. அங்கே தேய்ந்தது முனை பேரிங். ஒரே ஒரு கோணத்தில் கீச்சென்று கத்தும். பின்னுக்குக் கீழே விரலை வைத்தால், நனைந்த செங்கல் பொடி மாதிரி கிரீஸோடு சிவப்புத் துகள் ஒட்டும். உலோகம் உலோகத்தை உரசித் தின்கிறது என்று அர்த்தம். அந்தச் சிவப்பைப் பார்த்த பிறகு கிரீஸ் அடித்துத் தள்ளிப்போட முயன்று மூன்று மாதம் வீணாக்கினேன். பேரிங்கை மாற்றியதும்தான் சத்தம் போனது.

காஸ் ரோபோவில் ஐந்தாவது வருடம் முதல் கரென்ட் மெல்ல ஏறியது. பிஸ்டன் ராடில் லேசான எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு. சொட்டாகத் திரண்டு நின்றால் சீல் போகிறது. அழுத்தம் பார்த்தோம், குறைந்திருந்தது. நிரப்புவது நைட்ரஜன் மட்டும். எண்ணெய் இருக்கும் சிலிண்டரில் ஆக்சிஜன் ஏற்றினால் வெடிக்கும், கம்ப்ரஸர் காற்றும் கூடாது. சீல் மாற்றி, கை நிமிர்ந்த நிலையில் தயாரிப்பாளர் சொன்ன அழுத்தத்துக்கு நிரப்பியதும் கரென்ட் பழைய எண்ணுக்குத் திரும்பியது.

பேலன்சர் தாங்கும் என்று நம்பி இரண்டாவது ஆக்சிஸ் மோட்டாரைக் கழற்றாதீர்கள். பிரேக் அந்த மோட்டாரோடு வருகிறது. டூல் மாட்டியிருந்தால் கை விழலாம். டூல் இல்லாவிட்டால் ஸ்பிரிங் அதை மேலே தள்ளவும் செய்யலாம். கையைப் பூட்டும் போல்ட்டைப் போட்டு, கிரேனில் பட்டை கட்டிய பிறகே நான் ஸ்பேனரை எடுப்பேன். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் உருளையைப் பிரிக்கும் வேலையை, அதற்கான கருவி இல்லாமல் யாரும் தொட வேண்டாம்.

மறுபடி வாங்கினால் ஸ்பிரிங்தான் எடுப்பேன். பளுவாக இருக்கும், இடம் அடைக்கும், ஆனால் கசிய அதில் எதுவும் இல்லை. காஸ் ரோபோவை விற்கவும் மனமில்லை. அதன் கரென்ட் நோட்டின் கடைசி நான்கு பக்கமும் ஒரே எண்ணில் நிற்கின்றன, அடுத்த அளவு வரும் திங்கட்கிழமை.