வன்னியில் ‘பழைய நாற்சார் வீட்டில் ஓர் இரவு’ என்று விளம்பரமா? காசு போட முன் இதைப் படியுங்கள்

48,000 ரூபாய். இரண்டு அறை, ஓர் இரவு, இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்து. போன சனிக்கிழமை பறிகொடுத்தோம். இன்று வரை ஒரு சதம்கூடத் திரும்பி வரவில்லை.

தங்குமிடம் பதிவு செய்யும் செயலி ஒன்றில்தான் விளம்பரம் கிடந்தது. “பண்டாரவன்னியன் காலத்து நாற்சார் வீடு. ஏ9 வீதிக்குக் கிட்ட. அமைதியான ஓர் இரவு.” பண்டாரவன்னியன் என்றால் வெள்ளைக்காரரை எதிர்த்து நின்ற வன்னியின் கடைசி மன்னன். நாற்சார் என்றால் நடு முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிய வீடு. படங்களில் நடு முற்றம், கடைந்த மரத்தூண்கள், பூப்போட்ட தரை, ஓட்டுக்கூரை.

அப்பாவுக்கு 76 வயது. முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் அவர் பிறந்து வளர்ந்ததும் நாற்சார் வீட்டில்தான். 2009இல் போர் முடிந்த பிறகு மீள்குடியேறப் போனபோது அந்த வளவில் கிணறும் அத்திவாரமும்தான் மிச்சம். ஓடு, கதவு, யன்னல் நிலை, ஒன்றும் இல்லை. வன்னியில் வீட்டுக்கு வீடு இதே கதைதான். கூரையோடு தப்பிய பழைய வீடு ஒன்று இருக்கிறது என்று கேட்டால் யாருக்குத்தான் மனம் இழுக்காது? அந்த ஏக்கத்தை வைத்துத்தான் இவர்கள் காசு பார்க்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவதே இந்த இடத்தில்தான்.

விளம்பரத்தில் இருந்த இலக்கத்துக்கு எடுத்தேன். பேசியவர் அவ்வளவு பணிவு. “ஐயாவுக்கு எந்த ஊர் அண்ணை?” என்று கேட்டார். ஒட்டுசுட்டான் என்றேன். “அட, எங்கட அம்மம்மாவும் அங்காலதான். தான்தோன்றீஸ்வரர் கோயிலடி. ஐயாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, விறாந்தையில சாய்மனைக் கதிரை போட்டு வைக்கிறன்” என்றார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கதிரையின் படமும் வாட்ஸ்அப்பில் வந்தது. ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசினேன். பக்கத்தில் இருந்த அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. “செயலியில கட்டினால் தரகுக் காசு வெட்டுவாங்கள் அண்ணை, நேரே வங்கியில போடுங்கோ, இரவைக்கு நாட்டுக்கோழிக் கறி எங்கட பங்கு” என்றார். 48,000 ரூபாயையும் அன்றைக்கே போட்டேன்.

போய் இறங்கினால் நாற்சாரும் இல்லை, முற்றமும் இல்லை. சீமெந்துக் கல்லில் புதிதாகக் கட்டிய நீளக் கட்டடம், மேலே தகரம். வாசலில் இரண்டு சீமெந்துத் தூணுக்கு மண்ணிறப் பெயின்ற் அடித்து மரம் மாதிரிக் காட்டியிருக்கிறார்கள். படத்தில் இருந்த வீடு எங்கே என்று கேட்டேன். அங்கே நின்ற பொடியன், “அண்ணை, அது மாதிரிக்குப் போட்ட படம்” என்றான். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், தரையில் இருந்தது செட்டிநாட்டு வீடுகளில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல். காரைக்குடிப் பக்கத்து வீடு ஒன்றின் படத்தை எடுத்து வன்னி வீடு என்று போட்டிருக்கிறார்கள். கூரையில் மங்களூர் ஓடு. கற்சிலைமடுவில் பண்டாரவன்னியனை வெள்ளைக்காரர் தோற்கடித்தது 1803இல். மங்களூரில் அந்த ஓடு செய்யத் தொடங்கியதே 1860களில்தான்.

அறைக்குள் தகரச் சூடு. தலையணை ஈரவாடை. குழாயைத் திறந்தால் முதலில் காற்று, பிறகு செம்மண் நிறத்தில் தண்ணீர். நுளம்பு வலையில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. யன்னலுக்கு நேரே ஜெனரேற்றர், விடியும் வரை ஒரே இரைச்சல். ஏழரைக்கு என்று சொன்ன சாப்பாடு பத்து மணி கழித்து வந்தது, கடைப் பார்சல், அதுவும் ஆறிப்போய். அப்பாவுக்குச் சீனி வருத்தம், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். நல்ல வேளை, அம்மாவின் பையில் பிஸ்கட் இருந்தது. அப்பா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வெளியே பிளாஸ்டிக் கதிரையில் வேட்டித் தலைப்பால் நுளம்பை விரட்டிக்கொண்டு இருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு எப்படிப் படுப்பது?

காலையில் காசைக் கேட்டேன். “முதலாளி கொழும்பில.” முதலாளிக்கு எடுத்தால் “திங்கள் போட்டுவிடுறன்.” திங்கள் எடுத்தால் “வங்கியில நெருக்கடி அண்ணை.” அடுத்த நாள், “அடுத்த முறை வாங்கோ, கழிச்சு விடுறம்.” அடுத்த முறையாம்! இப்போது என் இலக்கத்தையே தடுத்துவிட்டார்கள். அம்மம்மாவின் ஊரைச் சொன்னவர் போனையே எடுப்பதில்லை. செயலிக்காரருக்கு எழுதினால், பணம் எங்கள் ஊடாகக் கட்டப்படவில்லை, ஆகவே பொறுப்பில்லை என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். ஆனால் விளம்பரம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. இவ்வளவுதான்: காசு போட முன் வீடியோ அழைப்பில் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். தனி ஆளின் வங்கிக் கணக்குக்கு முழுக்காசையும் போடாதீர்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். ஏமாந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழையுங்கள், எழுத்திலும் கொடுங்கள். மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

48,000 ரூபாய் போட்ட பற்றுச்சீட்டு, வாட்ஸ்அப்பில் பேசியவை, அந்தக் கதிரைப் படம் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. இதே விளம்பரத்துக்குக் காசு போட்ட வேறு யாராவது இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். இந்தக் கிழமை முறைப்பாடு கொடுக்கப் போகிறேன், சேர்ந்தே கொடுப்போம்.