பழைய ஸ்கீ பிண்டுங்கில் தெரியும் எண்ணை நம்பிப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்

கடந்த பெப்ரவரியில், பாடசாலைப் பனிச்சறுக்கு (ஸ்கீ) முகாமின் மூன்றாம் நாள், என் மகளின் வலது முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு முறிந்தது. அவள் வேகமாகச் சறுக்கி வரவில்லை. சரிவு முடிந்து நிலம் மட்டமாகும் இடத்தில் ஸ்கீயின் முனை ஈரப்பனியில் சிக்கியதால், உடல் ஒரு பக்கமும் கால் மறு பக்கமுமாக முறுகி விழுந்தாள். அந்தக் கணத்தில் சப்பாத்தை விட்டுக் கழன்றிருக்க வேண்டிய ஸ்கீ கழலவில்லை. ஆசிரியர் ஓடி வந்து, சப்பாத்தை ஸ்கீயோடு பூட்டும் பிண்டுங் என்ற கருவியின் குதிப்பகுதியை அழுத்தித்தான் கழற்றினார். முறிவு சுருள்வடிவில் ஓடியிருப்பதை எக்ஸ்ரே படத்தில் காட்டிய வைத்தியர், கால் முறுகும்போது ஸ்கீ கழலாவிட்டால் எலும்பு இப்படித்தான் முறியும் என்று விளக்கிவிட்டு, பிண்டுங்கை யார் சரிசெய்தது என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் நேர்மையான பதில் இருக்கவில்லை.

சுவிற்சர்லாந்தில் வாழும் நம்மவர்கள் பலருக்கு இலையுதிர்காலத்தில் ஊர் மண்டபங்களில் நடக்கும் பாவித்த ஸ்கீச் சந்தைகள் பழக்கமானவை. வளரும் பிள்ளைக்கு ஆண்டுதோறும் புதிது வாங்க எல்லோராலும் முடியாது என்பதால் அங்கே போவதில் தவறில்லை. நானும் அப்படித்தான் போனேன். ஒரு மேசையில் நின்றவர், நல்ல நிலையில் இருந்த ஒரு சோடி ஸ்கீயை, பிண்டுங்கோடு 190 பிராங்குக்குத் தந்தார். ஸ்கீ ஓரளவு புதியது, பிண்டுங் மிகப் பழையது. வேறொரு ஸ்கீயிலிருந்து கழற்றித் தன் கராஜில் தானே பொருத்தியதாகவும், முப்பது ஆண்டுகளாக இதைச் செய்து வருவதாகவும் பெருமையோடு சொன்னார்.

வாங்கியபின் பிண்டுங்கை மகளின் சப்பாத்துக்கு ஏற்பச் சரிசெய்வதற்காக ஒரு விளையாட்டுப் பொருள் கடைக்குக் கொண்டு போனேன். அங்கே நின்ற பணியாளர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, உற்பத்தியாளர் இந்த வகைக்கு இப்போது பொறுப்பேற்பதில்லை, ஆகவே தாங்கள் கைவைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார். புதியதை விற்பதற்கான தந்திரம் என்று நான் நினைத்தேன். உண்மையில் அந்த மறுப்புத்தான் எனக்குக் கிடைத்த முதல் எச்சரிக்கை. அதைத் தள்ளிவிட்டு, ஸ்கீயை விற்றவரின் கராஜுக்கே போனேன்.

அவர் சப்பாத்தைப் பிண்டுங்கில் அழுத்தினார். 'டக்' என்ற சத்தம் வந்தது. பின்பு சாதாரண நட்சத்திரத் திருப்புளியால் முன்பகுதித் திருகாணியைத் திருப்பி, இறுக்கத்தைக் காட்டும் சிறிய கண்ணாடிச் சாளரத்தில் குறி 3 இல் வந்து நிற்பதை எனக்குக் காட்டி, பிள்ளைக்கு இதுதான் சரி என்றார். பிள்ளையின் நிறை 46 கிலோ, உயரம் 152 சென்றிமீற்றர், வயது 13. இவற்றில் ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை. சப்பாத்தின் குதியோரத்தில் மில்லிமீற்றரில் பொறிக்கப்பட்டிருக்கும் அடிநீளத்தையும் பார்க்கவில்லை. இதற்கு 40 பிராங் தனியாக வாங்கிக்கொண்டார், பற்றுச்சீட்டு தரவில்லை.

மகள் வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பியபின், அளவிடும் இயந்திரம் உள்ள வேறொரு கடைக்கு ஸ்கீயையும் சப்பாத்தையும் எடுத்துச் சென்று, சரிசெய்ய வேண்டாம், அளந்து மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். இயந்திரம் சப்பாத்தை மெதுவாகத் திருப்பி, எந்த முறுக்குவிசையில் பிண்டுங் விடுகிறது என்று நியூட்டன் மீற்றரில் காட்டியது. சாளரத்தில் குறி 3 இலேயே நின்றது. ஆனால் வலது ஸ்கீயின் முன்பகுதி, 3 என்ற நிலையில் விட வேண்டிய அளவின் ஏறக்குறைய இரண்டு மடங்கில்தான் விட்டது. இடது பக்கம் திருப்பினால் ஓர் அளவு, வலது பக்கம் திருப்பினால் இன்னோர் அளவு.

அதற்குப் பிறகு அந்தத் தொழில்நுட்பவியலாளர் எனக்குக் காட்டியவற்றை, இதே தவறை இன்னொருவர் செய்யக் கூடாது என்பதற்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். சாளரத்தில் தெரியும், டின் (DIN) எனப்படும் எண், உள்ளே இருக்கும் சுருள்வில் எந்த அளவுக்கு இறுக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. வில்லுக்கும் காலுக்கும் இடையே உள்ள மற்ற எல்லாம் ஒழுங்காக இருந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. சப்பாத்தின் முன்னடி உட்காரும் இடத்தில் உராய்வைக் குறைப்பதற்காக ஒரு வழுவழுப்பான தட்டு இருக்கும். கால் முறுகும்போது சப்பாத்து அதன்மேல் வழுக்கிக்கொண்டுதான் பக்கவாட்டில் வெளியேறும். எங்கள் பிண்டுங்கில் அந்தத் தட்டு தேய்ந்து உரிந்து போயிருந்தது. அதன் இடத்தில் ஏதோ ஒரு பிளாஸ்ரிக் டப்பாவிலிருந்து வெட்டிய துண்டு பசையால் ஒட்டப்பட்டிருந்தது. அதன் ஓரத்தில் பச்சை எழுத்தின் பாதி இன்னும் தெரிந்தது. அந்தத் துண்டின் தடிப்பால் சப்பாத்து மேலே தள்ளப்பட்டு முன்பகுதியின் அடியில் இறுகியிருந்தது. மகளின் சப்பாத்து நடப்பதற்கு இலகுவாக வளைந்த, இறப்பர் பதித்த கிறிப்வோக் அடி கொண்டது. அந்த வகை அடிக்கென்று வடிவமைக்கப்பட்ட பிண்டுங்கில்தான் அதைப் பாவிக்கலாம். பழைய பிண்டுங்குகள் வழமையான தட்டையான அடிக்காகச் செய்யப்பட்டவை. 'டக்' என்ற சத்தம் இதில் எதையும் சொல்லாது.

குதிப்பகுதியிலும் பிழை இருந்தது. அது ஒரு தண்டவாளத்தில் முன்பின் நகரக்கூடியது, பின்னாலிருந்து ஒரு வில் அதைச் சப்பாத்தின்மேல் அழுத்திக்கொண்டிருக்கும். அந்த அழுத்தம் சரியா என்பதைக் காட்டும் குறி, சப்பாத்து பூட்டப்பட்டிருக்கும்போது இரு கோடுகளுக்கு நடுவே நிற்க வேண்டும். எங்களுடையதில் அது கோட்டைத் தாண்டி நின்றது. உள்ளே இருந்த பழைய கிறீஸ் இறுகிக் கட்டியாகியிருந்தது.

திருகாணிகளைக் கழற்றியபோது எனக்குக் கோபத்தைவிடப் பயமே வந்தது. முன்பு வேறு பிண்டுங் இருந்த பழைய துளைகளிலிருந்து சில மில்லிமீற்றர் தள்ளியே புதிய துளைகள் போடப்பட்டிருந்தன. இரண்டு துளைகளுக்கும் இடையிலிருந்த மெல்லிய சுவர் ஏற்கனவே வெடித்திருந்தது. பழைய துளைகளில் தீக்குச்சிகள் திணிக்கப்பட்டிருந்தன. இந்தத் திருகாணிகளுக்குப் பொசிட்றைவ் 3 என்ற முனை தேவை. சாதாரண நட்சத்திரத் திருப்புளியைப் பாவித்தால் தலை அரைபடும். எங்கள் ஸ்கீயில் எட்டில் ஆறு தலைகள் அரைபட்டிருந்தன. சந்தையில் கையில் எடுத்த அன்றே இது கண்ணுக்குத் தெரிந்திருக்கும். இப்போது வாங்க நிற்பவர்கள் முதலில் திருகாணித் தலைகளைப் பாருங்கள்.

விற்றவரிடம் இவற்றைப் படங்களோடு கொண்டு போனேன். எண் சரியாகத்தான் இருந்தது, பிள்ளை பிழையாக விழுந்துவிட்டது, பாவித்த பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது என்று மூன்று வசனங்களில் முடித்துக்கொண்டார். பிள்ளை பிழையாக விழும்போது கழலத்தானே அந்தக் கருவி இருக்கிறது! ஹியால்மார் ஹ்வாம் என்ற நோர்வேயில் பிறந்த அமெரிக்கர் 1937 இல் தன் கால் முறிந்த பின்னர்தான் தானாகக் கழலும் பிண்டுங்கை உருவாக்கி 1939 இல் காப்புரிமை பெற்றார். அன்றிலிருந்து இன்றுவரை பிண்டுங்கின் முதல் வேலை பிடித்துவைப்பது மட்டுமல்ல, வேண்டிய நேரத்தில் விடுவதும்தான். சரியாக அளந்த பிண்டுங்கும் முழங்காலின் உட்சவ்வுக் காயங்களைத் தடுக்க உருவாக்கப்பட்டதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் என் மகளுக்கு நேர்ந்த வகை முறிவைக் குறைக்கவே அது இருக்கிறது.

இந்த நாட்டின் விபத்துத் தடுப்பு ஆலோசனை மையமான பிஎஃப்யூ, பிண்டுங்கை ஆண்டுதோறும் கடையில் இயந்திரத்தால் சோதித்துச் சரிசெய்யும்படி கேட்டுக்கொள்கிறது; சோதித்த ஸ்கீக்கு அதற்கான ஒட்டியும் உண்டு. ஐஎஸ்ஓ 11088 என்ற தரநிலையின்படி நிறை, உயரம், வயது, அடிநீளம், சறுக்கும் விதம் ஆகியவற்றை வைத்தே எண் கணிக்கப்படுகிறது. அந்த விவரங்களும் அளந்த பெறுமதிகளும் உள்ள தாளைக் கேட்டு வாங்குங்கள். தாள் தர முடியாதவரிடம் ஸ்கீ வாங்கினாலும், பிண்டுங்குக்குப் பெறுமதி கொடுக்காதீர்கள். கணிப்பு அட்டவணை இணையத்திலும் கிடைக்கிறது, திருப்புளி எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் வீட்டில் அளக்க முடியாதது விடும் விசைதான். வீட்டில் செய்யக்கூடியது, சேற்றையும் உப்பையும் துடைப்பதும், அந்த வழுவழுப்பான தட்டில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதும்தான். எண்ணெய் ஸ்பிறே அடிக்க வேண்டாம், உள்ளே இருக்கும் கிறீஸை அது கரைத்துவிடும்.

மகள் ஆறு வாரம் தொடை வரை கட்டோடு இருந்தாள், இப்போது நடக்கிறாள். இந்தக் குளிர்காலத்துக்குப் பருவ வாடகையில் ஸ்கீ எடுத்திருக்கிறோம்; ஸ்கீயை விற்றவருக்குக் கொடுத்த 230 பிராங்கைவிட அது குறைவாகவே முடிந்தது. அவருடைய மேசை இந்த ஆண்டும் அதே மண்டபத்தில் இருந்தது. கழற்றிய பிண்டுங், ஒட்டப்பட்டிருந்த பிளாஸ்ரிக் துண்டு, அளவீட்டுத் தாள் மூன்றும் எங்கள் நிலவறையில் இருக்கின்றன; சந்தைக்குப் போகுமுன் நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் கேளுங்கள், காட்டுகிறேன்.