லோமோ தொட்டியும் கையால் கழுவிய பிலிமின் தழும்புகளும்

16 மி.மீ. சினிமா பிலிமை ஆய்வகத்துக்கு அனுப்பாமல் தாமே கழுவ விரும்புகிறவர்கள் பலரும் நாடுவது, சோவியத் காலத்தில் லெனின்கிராட்டில் தயாரான லோமோ சுருள் தொட்டியை. இப்போது பழைய பொருளாகவே கிடைக்கிறது. ஏறத்தாழ 15 மீட்டர் பிலிமை, அதாவது வினாடிக்கு 24 சட்டகம் என்ற கணக்கில் 80 வினாடிக்குச் சற்று மேற்பட்ட படத்தை, இருட்டில் சுருளின் தடத்தில் ஏற்றி மூடிவிட்டால், மற்ற வேலைகளை வெளிச்சத்திலேயே செய்யலாம். சுருள் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். ஒரு சுற்று அடுத்ததோடு ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தில் மருந்து ஏறாது.

கவனமாக ஏற்றினால் படம் சீராகவே வருகிறது. கையால் கழுவுவதன் அழகே கீறலிலும் திட்டிலும்தான் என்று கருதுகிறவர்களுக்கு இது குறையாகத் தோன்றலாம். அவர்கள் பிலிமை வாளியில் போட்டுப் பிசைகிறார்கள். பிலிமின் மேல் படம் பதியும் படலமான ஜெலட்டின் நனைந்து இளகி ஒன்றோடொன்று உரசிக் கீறுகிறது, படத்தைத் தோன்றச் செய்யும் மருந்தான டெவலப்பர் ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் படிகிறது. ஒரே சட்டகத்தில் விழுந்த கறை திரையில் இமைப்பொழுதில் மறைய, பல சட்டகங்களில் நீளும் கீறல் நெளிந்து ஓடுவதால், அசையாத படத்தில் அழுக்காகத் தெரிவது இங்கே தாளமாகிறது. இதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் எல்லாத் தழும்பும் ஒரே மதிப்புடையதல்ல. டெவலப்பரில் பாதி வேலை முடிந்த பிலிமின்மேல் ஒரு கணம் விளக்கைக் காட்டினால், ஏற்கெனவே கறுத்த இடங்கள் அதிகம் மாறாமலிருக்க, கறுக்காத இடங்களே அந்த ஒளியை வாங்கிக்கொள்கின்றன. இரண்டின் எல்லையிலும் மெல்லிய கோடு ஒன்று தோன்றுகிறது. இந்த மாற்றம் படத்துக்குள்ளிருந்தே பிறப்பது. கணினியில் மேலே ஒட்டப்படும் கீறல்களுக்குக் கீழே இருப்பது முகமா சுவரா என்பதே தெரியாது. நீர்க்கறையை என்னால் கலையென்று ஏற்க முடியவில்லை. படத்தை நிலைநிறுத்தும் மருந்தான ஃபிக்சரைச் சரியாக அலசாமல் விடுவதோ நாளடைவில் படத்தையே மங்கச் செய்யும் வெறும் சேதம்.

லோமோ தொட்டியை நான் பரிந்துரைப்பது இதனால்தான்: தற்செயலான திட்டுகளை அது குறைப்பதால், வேண்டிய நேரத்தில் மூடியைத் திறந்து ஒளி காட்டுகிறவருக்கு விளைவு எதனால் வந்தது என்பது தெளிவாகத் தெரிகிறது. வாங்குமுன் சுருளின் தடங்களில் விரிசல் உள்ளதா என்று விரலால் தடவிப் பார்ப்பது நல்லது. கழுவிய பிலிமே நேர்ப்படமாகும் ரிவர்சல் பிலிமானால் கையிலிருப்பது ஒரே பிரதி. புரொஜெக்டர் தன் பங்குக்குக் கீறல் சேர்க்குமுன் அதை ஸ்கேன் செய்துவிட வேண்டும்.