சென்னையில் முதல் வேலை: பி.ஜி.யா, பங்கு வீடா?

திருநெல்வேலியிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ பட்டத்தோடு சென்னை வருபவருக்கு முதல் கவலை தங்குமிடம்தான். ஐ.டி. நிறுவனங்கள் நிறைந்த ஓஎம்ஆர் சாலைப் பக்கம் பி.ஜி. (பேயிங் கெஸ்ட்) விடுதியா, நண்பர்களோடு சேர்ந்து வாடகை வீடா?

மாதக் கணக்குப் பார்த்தால் வீடுதான் மலிவு. நாலு பேர் வாடகையைப் பிரித்து, சமைத்தும் சாப்பிட்டால் கையில் காசு மிஞ்சும். சரி, அட்வான்ஸ்? தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை வரம்பாகச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் கூடுதலாக எழுதிக்கொள்ளவும் அதுவே வழிவிடுகிறது. அதனால் அதிகம் கேட்கும் வீட்டுக்காரர்கள் இன்னும் உண்டு. பல குடும்பங்களில் அந்தப் பணம் அம்மாவின் நகையை அடகு வைத்து வருவது. நடுவில் ஒருவருக்கு வேலை போனால் அவர் பங்கு மற்றவர்கள் தலையில் விழும், நட்பும் கசக்கும்.

பி.ஜி.யில் சாப்பாட்டோடு மாதப் பணம், சிறிய முன்பணம். சாம்பார் தண்ணீராக இருக்கும், தனிமை கிடையாது. பல இடங்களில் ஒப்பந்தம் தரமாட்டார்கள். முகவரிச் சான்றுக்கு அலைய வேண்டும்.

ஒப்பந்த வேலை, பயிற்சிக் காலம் என்றால் என் தேர்வு பி.ஜி.தான். வேலை போனால் பெட்டியைக் கட்டலாம், கடன் பின்னால் வராது. வேலை உறுதியாகி, சில மாதச் செலவுக்குச் சேமிப்பும் இருந்தால் வீடு பாருங்கள். அப்போதும் எல்லோர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.