விட்டுக்கொடுக்காமல் விளையாட: அரையாண்டு விடுமுறை ஆட்டங்கள் குறித்து ஒரு மதிப்பீடு

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகள் மூடியதும் எங்கள் வீட்டில் ஐந்து பேர் ஒன்றுகூடுவோம். எழுபத்தொரு வயதான என் மாமியார், நான், என் கணவர், விடுமுறைக்கு வந்து தங்கும் பதினான்கு வயது நாத்தனார் மகன், எட்டு வயது மகள். இந்த ஐவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து விளையாடக்கூடிய ஆட்டங்களைத் தேடி மூன்று ஆண்டுகளாகப் பணம் செலவழித்திருக்கிறேன். 'குடும்பத்துடன் விளையாடலாம்' என்று பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருப்பதை இப்போதெல்லாம் நான் பொருட்படுத்துவதில்லை. சின்னவள் ஜெயிக்க வேண்டும் என்பதற்காகப் பெரியவர்கள் வேண்டுமென்றே தோற்க வேண்டியிருந்தால் அந்த ஆட்டம் எங்கள் வீட்டுக்கு ஆகாது; அப்படி விட்டுக்கொடுப்பது எட்டு வயதுப் பெண்ணுக்கு இரண்டாவது ஆட்டத்திலேயே புரிந்துவிடும், புரிந்த பின் அவள் அந்தப் பெட்டியைத் தொடமாட்டாள். கீழே உள்ளவற்றை இந்த ஒரே அளவுகோலால்தான் அளந்திருக்கிறேன்.

முதலிடம் 'டிக்கெட் டு ரைடு: யூரோப்' என்ற பலகை ஆட்டத்துக்கு. ஆலன் ஆர். மூன் வடிவமைத்த முதல் 'டிக்கெட் டு ரைடு' 2004-இல் அமெரிக்க வரைபடத்துடன் வெளிவந்து, அவ்வாண்டே ஜெர்மனியின் புகழ்பெற்ற 'ஆண்டின் ஆட்டம்' விருதைப் பெற்றது. ஐரோப்பிய வரைபடம் 2005-இல் வந்தது. இரண்டு முதல் ஐந்து பேர் வரை ஆடலாம். ஒவ்வொருவருக்கும் 45 குட்டி பிளாஸ்டிக் ரயில் பெட்டிகளும் மூன்று நிலையங்களும் தரப்படும். கையில் சேரும் வண்ணச் சீட்டுகளைக் கொண்டு இரு நகரங்களுக்கு இடையிலான தடத்தில் நம் பெட்டிகளை வரிசையாக அடுக்கி, யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கும் பயணச்சீட்டுகளில் குறித்துள்ள ஊர்களை இணைக்க வேண்டும். இணைத்துவிட்டால் அந்தச் சீட்டின் மதிப்பெண் கூடும். இணைக்க முடியாமல் போனால் அதே மதிப்பெண் கழிக்கப்படும். விதி இவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். என் மாமியாருக்கு விளக்கிச் சொல்ல ஒரு காபி ஆறும் நேரம் போதுமானதாக இருந்தது.

அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது என்பதால் எனக்குத் தொடக்கத்தில் தயக்கம் இருந்தது. ஆனால் ஒவ்வொரு பயணச்சீட்டிலும் சிறிய வரைபடம் ஒன்று அச்சாகி, சேர வேண்டிய இரு ஊர்களும் அதில் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே எழுத்தைப் பார்க்காமல் இடத்தைப் பார்த்தே அவர் ஆடுகிறார். ஆங்கிலம் படித்த எங்களுக்கும் பெரிய அனுகூலம் ஏதும் இல்லை, ஏனெனில் ஊர்ப்பெயர்கள் பல அந்தந்த நாட்டு வழக்கில் எழுதப்பட்டுள்ளன. வியன்னாவைத் தேடினால் கிடைக்காது, 'வீன்' என்று இருக்கும். ரோம் 'ரோமா'வாகவும் ஏதென்ஸ் 'அதினா'வாகவும் இருக்கும். ரயில் சீட்டுகளில் நிறத்தோடு ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் குறியும் இருப்பதால், கண்புரை அறுவைக்குப் பின் கருநீலத்தையும் கறுப்பையும் பிரித்தறியத் தடுமாறும் அவருக்கு அதுவும் உதவியாக இருந்தது.

நீளமான தடத்துக்கு மதிப்பெண் கொழுத்துக்கொண்டே போகும்: இரண்டு பெட்டித் தடத்துக்கு 2, நான்குக்கு 7, ஆறுக்கு 15, எட்டுக்கு 21. வரைபடத்தில் எட்டுப் பெட்டி நீளம் கொண்ட தடம் ஸ்டாக்ஹோமிலிருந்து பெட்ரோகிராடுக்குச் செல்லும் ஒன்றுதான், அதுவும் சுரங்கப்பாதை. சுரங்கப்பாதையில் இறங்குபவர் சீட்டுக்கட்டின் மேலிருந்து மூன்றைத் திருப்ப வேண்டும். அவற்றில் நாம் பயன்படுத்தும் நிறமோ, எந்த நிறத்துக்கும் பதிலாகச் செல்லும் எஞ்சின் சீட்டோ எத்தனை வருகிறதோ அத்தனை சீட்டுகளைக் கூடுதலாகத் தர வேண்டும். போன ஆண்டு நாத்தனார் மகன் ஏழெட்டுச் சுற்றுகளாக வேறெதையும் செய்யாமல் சேர்த்து, ஆறு சிவப்பையும் இரண்டு எஞ்சினையும் மேசைமேல் பரப்பிவிட்டு மூன்றைத் திருப்பினான். ஒரு சிவப்பு, ஒரு எஞ்சின், ஒரு பச்சை. இன்னும் இரண்டு கொடுக்க அவனிடம் எதுவும் இல்லை. எட்டையும் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு அந்த முறையையும் இழந்தான். அவன் மீண்டும் சேர்ப்பதற்குள் என் மகள் இரண்டும் மூன்றுமான சிறு தடங்களாகவே போட்டு, தன் பயணச்சீட்டுகள் எல்லாவற்றையும் முடித்துவிட்டாள். யாரோ ஒருவரிடம் இரண்டு அல்லது அதற்கும் குறைவான பெட்டிகள் மிஞ்சியவுடன் எல்லோருக்கும் கடைசியாக ஒரு முறை தரப்பட்டு ஆட்டம் முடிந்துவிடும். பேராசைக்காரன் ஒருவனுக்காக மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அன்று அவள் ஜெயித்தது யாருடைய தயவாலும் இல்லை.

குறை சொல்வதென்றால், ஐந்து பேர் ஆடும்போது ஜெர்மனிப் பகுதி பெரிதும் நெரிசலாகிவிடுகிறது. நமக்கு வேண்டிய தடத்தை வேறொருவர் அடைத்துவிட்டால், நிலையம் ஒன்றை வைத்து அவர் தடத்தைக் கடன் வாங்கலாம் என்பது ஐரோப்பியப் பதிப்பில் உள்ள ஏற்பாடு. இது இல்லாத அமெரிக்கப் பதிப்பில் சின்னவள் இரண்டு முறை அழுதிருப்பாள் என்று நினைக்கிறேன். விலை நான்காயிரத்தை ஒட்டி வருகிறது. குறைவான விலை இல்லைதான். ஆனால் நாங்கள் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு சினிமா டிக்கெட்டின் கால்பங்குகூட வராது.

இரண்டாவதாக 'டிக்சிட்'. ஜான் லூயி ரூபிரா வடிவமைத்த இந்தப் பிரெஞ்சு ஆட்டம் 2008-இல் வெளிவந்து, 2010-இல் அதே ஜெர்மானிய விருதைப் பெற்றது. 84 சீட்டுகளிலும் எழுத்தே கிடையாது. கனவில் வருவதைப் போன்ற ஓவியங்கள் மட்டும்தான். ஒருவர் தன் கையிலுள்ள ஆறில் ஒன்றைத் தேர்ந்து, அதைக் காட்டாமல், ஒரு சொல்லையோ பழமொழியையோ பாட்டின் அடியையோ சொல்வார். மற்றவர்கள் தங்கள் சீட்டுகளில் அந்தக் குறிப்புக்குப் பொருந்துவதை ஆளுக்கொன்று கொடுக்க, எல்லாவற்றையும் கலைத்து விரித்து, சொன்னவருடைய சீட்டு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். இந்த ஆட்டத்தின் நுட்பமெல்லாம் மதிப்பெண் விதியில் இருக்கிறது: எல்லோருமே கண்டுபிடித்துவிட்டாலும், ஒருவருமே கண்டுபிடிக்காவிட்டாலும், குறிப்புச் சொன்னவருக்குச் சுழியம். பாதி மறைத்துப் பாதி காட்டத் தெரிய வேண்டும்.

படிகளின் அடியில் ஒரு நத்தை நிற்கும் ஓவியம் என் மாமியாருக்கு வந்தது. திருச்சியில் பிறந்து வளர்ந்தவர் யோசிக்கவே இல்லை: 'உச்சிப்பிள்ளையார்' என்றார். மலைக்கோட்டைப் படிகளில் அவரைக் கைத்தாங்கலாக ஏற்றிய அனுபவம் எங்கள் எல்லோருக்கும் இருப்பதால் நால்வருமே அந்த நத்தையைத்தான் காட்டினோம். அவருக்குச் சுழியம், எங்களுக்கு இரண்டிரண்டு. அடுத்த சுற்றிலிருந்து அவர் சுதாரித்துக்கொண்டார். முழுக்க முழுக்கத் தமிழிலேயே ஆடக்கூடிய, வயதும் பழமொழி அறிவும் பலமாக மாறக்கூடிய வேறோர் ஆட்டத்தை நான் இன்னும் கடையில் பார்க்கவில்லை. வயது குறைவு என்பதும் இங்கே பலவீனம் கிடையாது. என் மகள் சொல்லும் குறிப்புகளுக்கும் ஓவியத்துக்கும் உள்ள தொடர்பு சில வேளைகளில் அவளுக்கும் அவள் அத்தை மகனுக்கும் மட்டுமே விளங்கும், விதிப்படி அதுவே அவளுக்கு மூன்று மதிப்பெண்.

வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. இணையத்தில் பாதி விலைக்குக் கிடைத்ததே என்று முதலில் நான் ஒரு விற்பனையாளரிடம் வாங்கியது போலிப் பிரதி. ஓவியங்கள் மங்கலாக இருந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். சீட்டுகளின் பின்புறம் இரண்டு வேறு நீலங்களில் அச்சாகியிருந்ததைப் பொறுக்க முடியவில்லை. எந்த நீலத்துக்குப் பின்னால் எந்தப் படம் என்பதை நாத்தனார் மகன் இரண்டே நாளில் மனப்பாடம் செய்துவிட்டான். அந்தப் பெட்டி இப்போது கொலுப்பொருட்களோடு பரணில் கிடக்கிறது.

க்ளவுஸ் டாய்பர் 1995-இல் தந்த 'கட்டான்' மிக நல்ல ஆட்டம். எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒத்துவரவில்லை. அடிப்படைப் பெட்டியில் மூன்று அல்லது நான்கு பேர்தான் ஆட முடியும் என்பதால் ஒருவர் வேடிக்கை பார்க்க வேண்டும். போதாக்குறைக்குப் பண்டமாற்று அதன் உயிர்நாடி. பதினான்கு வயதுப் பையனோடு பேரம் பேசி எட்டு வயதுப் பெண் மீள்வது கடினம். பிள்ளைகள் பத்து, பன்னிரண்டு வயதைத் தாண்டிய வீடுகளில் தாராளமாக வாங்கலாம். 'பிசினஸ்', 'டிரேட்' என்ற பெயர்களில் நம் ஊர்க் கடைகளில் விற்கும் மோனோபலி வகையைப் பற்றி ஒரு வரி போதும்: முதல் மணி நேரத்தில் திவாலாகும் குழந்தை அடுத்த இரண்டு மணி நேரம் என்ன செய்யும் என்பதற்கு அந்தப் பெட்டியில் பதில் இல்லை.

வீடியோ கேம்களில் எங்கள் அளவுகோலுக்கு நின்றது நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்காக 2017 ஏப்ரலில் வெளிவந்த 'மரியோ கார்ட் 8 டீலக்ஸ்'. பன்னிரண்டு வண்டிகள் ஓடும் பந்தயத்தில், ஒரே தொலைக்காட்சித் திரையை நான்காகப் பிரித்து நால்வர் ஓட்டலாம். மீதி வண்டிகளைக் கருவியே ஓட்டும். தொடக்கத்தில் 48 பாதைகள் இருந்தன. தனியாக வாங்கக்கூடிய கூடுதல் தொகுப்பு 2023-இல் நிறைவுற்றபோது அவை 96 ஆயின. வண்டி பாதையை விட்டு விழாமல் தானே திரும்பும் வசதியும், பொத்தானை அழுத்தாமலே முன்னேறும் வசதியும் இதில் உண்டு. இரண்டையும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். திருப்ப உதவும் வசதி இயங்கும் வண்டியின் பின்னால் சிறிய ஆன்டெனா ஒன்று முளைத்திருக்கும். தன் வண்டியில் அதைக் கண்டுபிடித்த என் மகள், 'எனக்கு எதற்குச் சைக்கிள் பக்கச் சக்கரம்?' என்று கேட்டு அன்றே அதை நீக்கச் சொல்லிவிட்டாள். மாமியார் நீக்கவில்லை. பெட்டியில் வரும் கன்ட்ரோலரைத் தெய்வப் படத்துக்குக் கற்பூரத் தட்டை ஏந்துவதுபோல் இரு கையாலும் பிடித்துக்கொண்டு, பெரும்பாலும் ஏழாவதாகவோ எட்டாவதாகவோ வந்து சேர்வார்.

பின்தங்கியவருக்கு வலிமையான பொருட்களும் முன்னால் செல்பவருக்கு வாழைப்பழத் தோல் போன்ற அற்பங்களும் கிடைக்கும்படி வைத்திருப்பதுதான் இந்த ஆட்டத்தைக் குடும்பத்துக்கு உரியதாக்குகிறது. முதலிடத்தில் இருப்பவரைத் தேடிப்போய்த் தாக்கும் நீல ஆமை ஓடு ஒன்று உண்டு; கடைசி வளைவில் என் கணவரை அது தாக்கியபோது வீட்டில் எழுந்த ஆரவாரத்தைத் தீபாவளிக்குக்கூட நான் கேட்டதில்லை. திறமை வெல்லும் என்றாலும் நிம்மதியாக வெல்ல முடியாது. வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 'ஸ்விட்ச் லைட்' என்ற மலிவான வகையைத் தொலைக்காட்சியில் இணைக்க முடியாது, அதன் கன்ட்ரோலர்களும் கழலாது. சாதாரண ஸ்விட்சில் கழலும் இரண்டு ஜாய்-கான் கன்ட்ரோலர்களையும் படுக்கைவாட்டில் பிடித்து இருவர் உடனே ஆடலாம்; நால்வருக்கு இன்னொரு ஜோடி வாங்க வேண்டும், அதன் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

'ஓவர்குக்டு' தொடரையும் சொல்லாமல் விட மனமில்லை. இதன் முக்கிய ஆட்டத்தில் போட்டி கிடையாது. நான்கு பேர் ஒரே சமையலறையில் காய் நறுக்கி, அடுப்பேற்றி, தட்டில் வைத்து, எச்சில் தட்டையும் கழுவி, நேரத்துக்குள் உணவு அனுப்ப வேண்டும். கவனிக்காமல் விட்ட பாத்திரம் தீப்பிடிக்கும். முதல் இரு ஆட்டங்களையும் சேர்த்து 2020-இல் வந்த 'ஆல் யூ கேன் ஈட்' தொகுப்பில் நேரத்தை நீட்டித்துத் தரும் உதவி வசதி இருப்பதால், வாங்கினால் அதையே வாங்குங்கள். பிள்ளைகள் இதில் அபாரமாக ஒத்துழைக்கிறார்கள். நானும் கணவரும்தான் 'தட்டு எங்கே', 'வெங்காயம் யார் நறுக்குவது' என்று உண்மையாகவே சண்டை போட்டோம். மூன்று மூன்றாக வெங்காயம் போட்டு சூப் வைக்கும் தொடக்க நிலையைக்கூட எங்களால் அமைதியாகக் கடக்க முடியவில்லை. ஒரு நாளைக்கு அரைமணி நேரம் என்று இப்போது வரம்பு வைத்திருக்கிறோம்.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசி வரும் இரவில் மட்டும் மேலே சொன்ன எதற்கும் இடமில்லை. அன்று மாமியார் பரமபத அட்டையையும் பித்தளைத் தாயக்கட்டைகளையும் எடுத்து விரிப்பார். அது முழுக்க அதிர்ஷ்டம் என்பதால் என் அளவுகோலில் எளிதாகத் தேறிவிடும். முடிவெடுக்க ஒன்றும் இல்லாததால் நாத்தனார் மகன் பதினொரு மணிக்குள் தூங்கிவிடுவான். பெரிய பாம்பின் வாயில் விழுந்து மறுபடியும் அடியிலிருந்து தொடங்குவதை, நள்ளிரவு தாண்டியும், என் மகள் மட்டும் அலுக்காமல் செய்துகொண்டிருப்பாள். அட்டையின் விலை முப்பது ரூபாய்.