விண்டோஸும் லினக்ஸும் பங்கிடும் டி டிரைவ்: என்டிஎஃப்எஸ்ஸா, எக்ஸ்ஃபேட்டா, இஎக்ஸ்டி4-ஆ?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்கப்புறம், இருக்கிற விண்டோஸுக்குப் பக்கத்திலேயே உபுண்டுவையோ லினக்ஸ் மின்ட்டையோ நிறுவிப் பார்க்கலாமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். நிறுவுவது சுலபம்தான். சிக்கல் சில நாள் கழித்து வருகிறது. டி டிரைவில் இருக்கும் கல்யாணப் படங்கள் பாதி சாம்பல் நிறமாகத் திறக்கும். ஒரு ஃபோல்டர் திறக்கவே திறக்காது. லினக்ஸில் சேமித்த கோப்பு விண்டோஸில் காணாமல் போயிருக்கும். “என்டிஎஃப்எஸ்தான் காரணம், எக்ஸ்ஃபேட்டுக்கு மாறிவிடு” என்று யாராவது சொல்வார்கள். இவை டிரைவில் கோப்புகளை அடுக்கிவைக்கும் வடிவங்கள் (ஃபைல் சிஸ்டம்); என்டிஎஃப்எஸ் விண்டோஸின் வழக்கமான வடிவம்.

என் கணினியிலும் இரண்டு இயங்குதளங்கள் இருக்கின்றன. பொது டிரைவை எந்த வடிவத்தில் வைப்பது என்று என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட், இஎக்ஸ்டி4 மூன்றையும் எடைபோட்டுவிட்டு என்டிஎஃப்எஸ்ஸிலேயே வைத்திருக்கிறேன். வேகம், நான்கு ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஆகியவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. மூன்றுமே பெரிய கோப்புகளை ஏற்கும், வீட்டு உபயோகத்துக்கு வேகமும் போதும். ஏதாவது பழுதானால் எந்த வடிவத்தில் அதிகம் மீட்க முடியும் என்பதை வைத்துத்தான் நான் முடிவெடுத்தேன்.

முதலில் பழுது எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். 2012-இல் வந்த விண்டோஸ் 8-இலிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்ததும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. திறந்திருந்த நிரல்களை மூடிவிட்டு, தன் கருப்பகுதியின் (கெர்னல்) நினைவை அப்படியே ஹைபர்நேஷன் கோப்பில் எழுதிவைத்து உறங்கிப்போகிறது. டி டிரைவில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற விவரமும் அந்த நினைவுக்குள் இருக்கும். இடையில் நீங்கள் லினக்ஸில் நுழைந்து அதே டிரைவில் எழுதினால், விழித்தெழும் விண்டோஸுக்கு அது தெரியாது. பழைய விவரத்தை நம்பி அதன்மேலேயே எழுதும். ஒரே கடைக்கு இரண்டு கணக்குப் பேரேடு வைத்து, இரண்டு பேர் ஒருவருக்கொருவர் சொல்லாமல் எழுதுவது போன்றதுதான் இது.

இது என்டிஎஃப்எஸ்ஸுக்கு மட்டும் உரிய குறை இல்லை. கணினிக்குள் இருக்கும் டிரைவை எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினாலும் உறங்கும் விண்டோஸ் பழைய விவரத்தோடுதான் எழும். சொல்லப்போனால் இந்த இடத்தில் என்டிஎஃப்எஸ்ஸுக்குத்தான் பாதுகாப்பு கூடுதல். லினக்ஸில் என்டிஎஃப்எஸ் டிரைவைத் திறக்க உதவும் என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற இயக்கி (டிரைவர் நிரல்), டிரைவ் சரியாக மூடப்படவில்லை என்பதைக் கண்டுபிடித்துவிடும். விண்டோஸின் தற்காலிக நினைவில் இன்னும் விவரம் இருக்கிறது என்று செய்தி காட்டி, எழுதவிடாமல் படிக்க மட்டும் அனுமதிக்கும்.

அப்படியானால் கோப்புகள் கெடுவது எப்படி? பெரும்பாலும் அந்தத் தடுப்பை நீக்கச் சொல்லும் அறிவுரையால்தான். ‘எழுத முடியவில்லை’ என்று தேடினால் முதலில் கிடைப்பது என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் என்ற கட்டளை. பெயரைப் பார்த்தால் எல்லாவற்றையும் சரிசெய்யும் கருவி போலத் தோன்றும். அதன் கையேடே, இது லினக்ஸுக்கான செக்டிஸ்க் (டிரைவைச் சோதித்துத் திருத்தும் விண்டோஸ் கருவி) அல்ல என்று தெளிவாகச் சொல்கிறது. அடிப்படையான சில முரண்பாடுகளைச் சரிசெய்து, ஜர்னலை (டிரைவில் செய்யும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவை) வெறுமையாக்கி, அடுத்தமுறை விண்டோஸ் எழும்போது சோதனை நடக்கும்படி குறித்து வைப்பதோடு அதன் வேலை முடிந்தது. விண்டோஸ் உறங்கிக்கொண்டிருக்கும்போது அதை ஓட்டிவிட்டு எழுத ஆரம்பித்தால், என்டிஎஃப்எஸ்-3ஜி தடுத்துவைத்த அதே விபத்துக்கு நாமே வழிவிட்டதாகும். ஹைபர்நேஷன் கோப்பை அழித்துவிட்டு மவுன்ட் செய்யும், அதாவது டிரைவை லினக்ஸில் இணைக்கும், தேர்வும் எச்சரிக்கையோடு தொட வேண்டியதுதான். விண்டோஸில் சேமிக்காமல் விட்ட வேலை அதோடு போய்விடும்.

பழுது ஏற்கெனவே வந்துவிட்டதா? அந்த டிரைவில் இனி ஒரு எழுத்துகூட எழுத வேண்டாம். லினக்ஸில் படிக்க மட்டும் மவுன்ட் செய்து, முக்கியமானவற்றை வேறொரு வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். இதைச் செய்யாமல் செக்டிஸ்க்கை ஓட்டாதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன். செக்டிஸ்க் டிரைவின் கட்டமைப்பைத்தான் ஒழுங்குபடுத்துகிறது. உங்கள் படங்களின் உள்ளடக்கத்தை அது காப்பாற்றாது. பொருந்தாத துண்டுகளை வெட்டி, ‘ஃபவுண்ட்’ என்று தொடங்கும் மறைவான ஃபோல்டருக்குள் பெயரில்லாமல் போட்டுவிடும். நகல் கைக்கு வந்த பிறகு விண்டோஸில் நுழைந்து, ஷட் டவுன் கொடுக்காமல் ரீஸ்டார்ட் கொடுங்கள். ரீஸ்டார்ட்டில்தான் விண்டோஸ் முழுதாக அணைந்து எழும். அப்புறம் டி டிரைவுக்குச் செக்டிஸ்க்கைத் திருத்தும் தேர்வோடு ஓட்டலாம். அது முடிந்ததும் ஹைபர்நேஷனையே நிறுத்திவிடுங்கள், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் கூடவே போய்விடும், சி டிரைவில் சில ஜிபி இடமும் மிச்சமாகும். பெரிய அப்டேட் எதுவும் வந்தால், அது நிறுத்தியபடியே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் கோப்புகள் கெட்டுக்கொண்டே இருந்தால் வடிவத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ரேமையும், டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் அறிக்கையையும் சோதிக்க வேண்டும்.

சரி, எக்ஸ்ஃபேட். மைக்ரோசாஃப்ட் 2006-இல் கொண்டுவந்தது. 2019-இல் அதன் விவரக்குறிப்பை வெளியிட்ட பிறகு லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே நல்ல இயக்கி வந்துவிட்டது. அதற்கு ஒரு உண்மையான பலம் உண்டு. அதை விண்டோஸிலும் முழுதாகச் சோதிக்கலாம், லினக்ஸிலும் சோதிக்கலாம். என்டிஎஃப்எஸ்ஸை முறையாகப் பழுதுபார்க்க விண்டோஸ் வேண்டும். ஆனால் எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால், பாதியில் நின்ற மாற்றத்தை எங்கிருந்து தொடர்வது என்று சொல்லும் குறிப்பு எதுவும் டிஸ்க்கில் இருக்காது. யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினிக்கு இது பெரிய குறை என்று நான் நினைக்கிறேன். இன்னொன்று, 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவை விண்டோஸ் எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்யும்போது வழக்கமாக 128 கேபி கிளஸ்டர் (கோப்புக்கு இடம் ஒதுக்கும் மிகச் சிறிய அலகு) வைக்கும். ஒரு கேபி கோப்பும் 128 கேபி இடத்தைப் பிடிக்கும். பத்தாயிரம் சின்னக் கோப்புகள் இருந்தால் 1.2 ஜிபிக்கு மேல் போய்விடும். எக்ஸ்ஃபேட்டை நான் பென் டிரைவிலும் கேமரா கார்டிலும்தான் அதிகம் பயன்படுத்தியிருக்கிறேன், அங்கே குறை சொல்ல எதுவுமில்லை. தினமும் எழுதும் பெரிய டிரைவில் அது எப்படி நிற்கும் என்பதில் என் அனுபவம் குறைவு.

என்டிஎஃப்எஸ்ஸின் ஜர்னலும் டிரைவின் கட்டமைப்பைத்தான் காக்கிறது, கோப்பின் உள்ளடக்கத்தை அல்ல. ஆனாலும் ஒரு கோப்பின் கடைசி மாற்றம் போவதற்கும் ஒரு ஃபோல்டரே போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

என்டிஎஃப்எஸ்ஸைத் தேர்ந்தெடுத்தால் எந்த இயக்கி என்ற கேள்வியும் வரும். 2021-இல் லினக்ஸ் 5.15-உடன் என்டிஎஃப்எஸ்3 என்ற புதிய இயக்கி கெர்னலுக்குள் வந்தது. என்டிஎஃப்எஸ்-3ஜி கெர்னலுக்கு வெளியே இயங்குவது, அதனால் கொஞ்சம் மெதுவாக இருக்கும். நான் பழையதையே, எந்த டிரைவை எப்படி இணைப்பது என்று லினக்ஸுக்குச் சொல்லும் ஃபைல் சிஸ்டம் அட்டவணையில் (fstab) குறிப்பிட்டு வைத்திருக்கிறேன். புதியதில் படிக்கிற வேலைதான் அதிகம் செய்திருக்கிறேன், தொடர்ந்து எழுதும் வேலைக்குச் சிபாரிசு செய்ய அது போதாது. விண்டோஸ் ஏற்காத பெயர்களைத் தடுக்கும் தேர்வையும் சேர்த்துவிடுங்கள். லினக்ஸ் நிரல்கள் நேரத்தைப் பெயரில் போடும்போது முக்காற்புள்ளி (:) வரும், அந்தக் கோப்பு விண்டோஸில் தொல்லை கொடுக்கும்.

இஎக்ஸ்டி4 லினக்ஸின் சொந்த வடிவம், 2008-இலிருந்து நிலைபெற்றது, ஜர்னலும் உண்டு, பழுதுபார்க்கும் கருவியும் உறுதியானது. ஆனால் விண்டோஸால் அதை நேரடியாகத் திறக்க முடியாது. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வழியாகத் திறக்கலாம் என்பார்கள். அது முழு டிஸ்க்கைத்தான் இணைக்கும், விண்டோஸ் இருக்கும் அதே டிஸ்க்கின் ஒரு பார்ட்டிஷனை இணைக்காது. லேப்டாப்பில் ஒரே டிஸ்க்தான் என்றால் அந்த வழி அடைபட்டுவிட்டது. விண்டோஸை எப்போதாவது ஒரு படிவம் நிரப்ப மட்டும் திறப்பவர்களுக்கு இஎக்ஸ்டி4 நல்ல தேர்வு, அவர்களிடம் என்டிஎஃப்எஸ்ஸுக்காக வாதாட மாட்டேன்.

அப்படி மாறுகிறவர்கள் தமிழில் நீளமாகப் பெயர் வைத்த கோப்புகளை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். என்டிஎஃப்எஸ்ஸும் எக்ஸ்ஃபேட்டும் பெயருக்கு 255 குறியீடுகள் வரை இடம் தருகின்றன. இஎக்ஸ்டி4 தருவது 255 பைட்டுகள். ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட்டு, ‘கி’ போன்ற உயிர்மெய் இரண்டு குறியீடு, அதாவது ஆறு பைட்டு. நாற்பது ஐம்பது எழுத்திலேயே எல்லை வந்துவிடும், பெயர் மிக நீளம் என்று அந்தக் கோப்பு மட்டும் நகலாகாமல் நிற்கும். பழைய டிரைவை ஃபார்மட் செய்வதற்கு முன்னால் இரண்டு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டுவிடுங்கள்.