பிரசவத்தில் பிபி ஏறியவர்களுக்கு எந்த பிபி மெஷின்?

மதுரை பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள கடைகளில் டிஜிட்டல் பிபி மெஷின் கேட்டால் இரண்டு வகை காட்டுவார்கள்: மணிக்கட்டில் கட்டுவது, மேல்கையில் கட்டுவது. கர்ப்பத்தில் பிபி ஏறிய பெண்ணுக்கு மேல்கை மெஷினைத்தான் வாங்க வேண்டும். மணிக்கட்டு மெஷினைச் சரியாக நெஞ்சு உயரத்தில் பிடிக்காவிட்டால் அளவு மாறும். வளைகாப்பு வளையல்களைத் தள்ளிவிட்டு அதைக் கட்டுவதும் பெரும்பாடு.

மெஷினைவிடப் பட்டை முக்கியம். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றளவை டேப்பால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பெட்டியோடு வருவது பல மாடல்களில் 22–32 செ.மீ. பட்டை. 35 செ.மீ. கைக்கு அதைக் கட்டினால் பிபியைக் கூட்டிக் காட்டும், 22–42 செ.மீ. பட்டையாகக் கேட்டு வாங்குங்கள். ஒல்லியான கைக்குப் பெரிய பட்டை கட்டினால் குறைத்துக் காட்டும். அது இன்னும் ஆபத்து.

ப்ரீ-எக்லாம்ப்சியா (கர்ப்பத்தில் பிபி ஏறி சிறுநீரகம் போன்ற உறுப்புகளையும் பாதிக்கும் நிலை) வந்தவர்களுக்குப் பல மெஷின்கள் உண்மை அளவைவிடக் குறைத்தே காட்டுகின்றன. கர்ப்பிணிகளிடம் சோதித்துத் தேறிய மாடல்களை ஸ்ட்ரைட் பிபி (STRIDE BP) இணையதளம் தனியாகப் பட்டியலிடுகிறது; மாடல் எண்ணை அதில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். அடுத்த செக்கப்புக்கு மெஷினையும் எடுத்துப்போய் டாக்டரின் கருவியோடு ஒப்பிடுங்கள். 10 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த மெஷினை நம்ப வேண்டாம்.

நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு, இறுக்கமான ஜாக்கெட் கையைச் சுருட்டிவிட்டுப் பட்டையைக் கட்டுவது. சுருட்டிய துணி கயிறு போல இறுக்கி அளவைக் கெடுக்கும். தளர்வான கை வைத்த நைட்டி நல்லது. காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகட்டும். சம்மணமிடாமல் நாற்காலியில் சாய்ந்து, பாதம் தரையில் பட 5 நிமிடம் பேசாமல் இருந்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். இரண்டு பேர் அளவைத் தனித்தனியே சேமிக்கும் மாடல் என்றால் மாமியாரின் கணக்கு இதில் கலக்காது.

பிரசவமான 3 முதல் 6 நாளுக்குள் பிபி உச்சம் தொடும். பலர் டிஸ்சார்ஜ் ஆகி அம்மா வீட்டில் இருக்கும் நாட்கள் அவை. 140/90 தாண்டினால் டாக்டரிடம் சொல்லுங்கள். 160/110 எட்டினாலோ, கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தாலோ உடனே 108.

"பிள்ளை பிறந்தா பிபி போயிரும்" என்று சொல்லித்தான் மெஷினைப் பரணில் போடுகிறார்கள். பெரும்பாலும் 12 வாரத்துக்குள் பிபி இறங்கிவிடும் என்பது உண்மை. ஆனால் ப்ரீ-எக்லாம்ப்சியா வந்தவர்களுக்குப் பின்னாளில் மாரடைப்பு, பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. இதயச் செயலிழப்புக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு. அமெரிக்க இதய சங்கம் 2011-லேயே இதை ஆபத்துக் காரணிகளில் சேர்த்துவிட்டது. அதனால் இந்த மெஷினுக்கு வேலை பல வருஷம் இருக்கிறது. பிறகும் அவ்வப்போது ஒரு வாரம் காலையும் மாலையும் பாருங்கள். முதல் நாள் அளவை விட்டுவிட்டு மீதியின் சராசரி 135/85-ஐத் தொட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

சர்க்கரையையும் கொழுப்பையும் இது சொல்லாது. ஆண்டுக்கொரு ரத்தப் பரிசோதனை தனியாக வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர் வீட்டுக்கு பிபி பார்க்க வந்தால், பிரசவத்தில் பிபி இருந்ததை நீங்களாகவே சொல்லுங்கள். 50 வயதில் நெஞ்சு வலி என்று போகும்போதும் டாக்டருக்கு அது தெரிய வேண்டும். தாய் சேய் நல அட்டையை மெஷின் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள்.